கண்ண நல்லா முழிக்கச் சொல்லுங்க

அந்த ஜன்னலக் கொஞ்சம் நல்லாத் தொறந்து விடும்மா, காத்து வரட்டும். அந்தக் கலெக்டர் ஆபீஸ் நாத்தம் இன்னும் மூக்க விட்டுப் போகல. நீயும் அங்கருந்துதான வர்ற? கையில மனு வச்சிருக்குற பிளாஸ்டிக் கவரப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. திங்கக்கெழம சாயங்காலம் இந்தப் பஸ்ஸுல ஏறுற பாதிப் பேரு கையில அந்தக் கவருதான் இருக்கும்.

மாடிப்படி மூலையப் பாத்தியா? வெத்தலையத் துப்பித் துப்பி செவுரு புண்ணாக் கெடக்கு. துப்பாதீர்கள்னு போர்டு எழுதி வச்சிருக்கான், அந்தப் போர்டு மேலயே துப்பியிருக்கான். பொம்பளைங்க கக்கூஸுல தாப்பா இல்ல, தண்ணி இல்ல. சீ. மத்தியானம் கொண்டுபோன சோத்த அப்படியே கொண்டுட்டுப் போறேன்.

எனக்கு ஆபீஸ் ஒண்ணும் புதுசில்லம்மா. வேடப்பட்டிப் பள்ளிக்கூடத்துல இருபத்தாறு வருசம் சத்துணவு அமைப்பாளரா இருந்தேன். செண்பகவல்லி டீச்சருன்னுதான் ஊருக்குள்ள சொல்லுவாங்க, டீச்சர் இல்லைன்னாலும். எத்தன ஆடிட்டப் பாத்திருக்கேன், எத்தன பி.டி.ஓ.வப் பாத்திருக்கேன். எந்த மேசையில எப்படிப் பேசணும்னு எனக்கு அத்துப்படி. அப்பேர்ப்பட்ட என்னையே எட்டு மாசம் நாயா அலைய விட்டுட்டாங்கன்னா பாத்துக்கோ.

எனக்காக இல்ல. எந்தம்பிக்காக. ஆவுடையப்பன்னு பேரு. நாலு வயசுல அம்மை போட்டு ரெண்டு கண்ணும் போச்சு. பார்வை மங்கல், அது இதுன்னு இல்ல, கண்ணு இருக்க வேண்டிய எடத்துல வெறும் குழி. எனக்கு அப்பப் பன்னெண்டு வயசு. அன்னைக்குப் புடிச்ச கையி. அம்மா செத்தபெறகு அம்மாவும் நான்தான். என் கல்யாணத்தப்பக்கூட அவன் கைய ஒரு கையில புடிச்சுக்கிட்டுத்தான் மணவறையச் சுத்துனேன். மாப்பிள்ளை வீட்டுல மொகம் சுளிச்சாங்க, சுளிக்கட்டுமேன்னு விட்டுட்டேன்.

பார்வையில்லாத பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல சேத்து விட்டோம். அங்க நாற்காலிக்கு வயர் பின்னப் படிச்சுக்கிட்டான். டவுன்ல ஒரு எண்ணெக்கடைக்குப் பின்னால ரூம் எடுத்துத் தங்கி, அதே வேலை. ஸ்கூலு, ஆஸ்பத்திரி, கவர்மெண்ட் ஆபீஸு எல்லாத்துக்கும் பின்னிக் குடுப்பான். தானே சோறு பொங்கிக்குவான். கல்யாணம் காச்சின்னு எதுவும் இல்ல. எங்கூட வந்து இருடான்னு நானும் வருசா வருசம் கூப்பிடத்தான் செஞ்சேன். "இங்க எனக்கு எல்லாம் கைக்குத் தெரியும்க்கா"ம்பான். என்ன தெரியுமோ.

இருபது வருசத்துக்கு மேல ஊனமுற்றோர் பென்சன் வந்துட்டிருந்துச்சு. போன சித்திரையில நின்னுபோச்சு. பேங்க்ல கேட்டா, "ஆதாரப் புதுப்பிக்கல, உயிரோட இருக்குற சான்று குடுக்கல, அதான் நிறுத்தியாச்சு"ன்னுட்டாங்க. வேலை இருந்தாத்தான் அவனுக்கு வருமானம், இப்பல்லாம் வயர் நாற்காலி யாரு வாங்குறா? ரூமுக்கு வாடகை அந்தப் பென்சன்லதான் ஓடுச்சு. சரி, நாம போயி ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுதுன்னு கெளம்புனேன்.

மொதல்ல ஆதார் எடுக்குற எடம். மூணு மணி நேரம் வரிசை. உள்ள ஒரு பொம்பள உக்காந்திருந்தா. ஆவுடையோட வெரலப் புடிச்சு மெஷின் கண்ணாடிமேல வச்சு அமுக்குனா. பதியல. பத்து வெரலும் பதியல. முப்பத்தஞ்சு வருசமா வயர இழுத்து இழுத்து வெரல் நுனியெல்லாம் தேஞ்சு, சோப்புக்கட்டி மாதிரி வழவழன்னு இருக்கு. ரேகைன்னு ஒரு கோடு இல்ல. துணிய எடுத்தா, அந்தக் கண்ணாடியத் தொடச்சா. எப்படித் தொடச்சாங்கிற? பல்லி விழுந்த சட்டியத் தொடைக்கிற மாதிரி. எனக்கு அங்கயே பத்திக்கிட்டு வந்துச்சு.

"சரி, கண்ணு எடுப்போம்"னா. ஒரு பெட்டிய மூஞ்சிக்கு நேரா நீட்டுனா. எங்கிட்டச் சொல்றா, "கண்ண நல்லா முழிக்கச் சொல்லுங்க."

"கண்ணே கெடையாதும்மா."

"முடிஞ்ச வரைக்கும் முழிக்கச் சொல்லுங்க. மெஷின் கேக்குது."

பாத்தியா அநியாயத்த? அவன் பக்கத்துலதான் உக்காந்திருக்கான். காது நல்லாக் கேக்கும். அவன்கிட்டப் பேசணும்னு தோணுதா அவளுக்கு? எல்லாத்தையும் எங்கிட்டயே சொல்றா. எனக்கு வந்த கோவத்துல அவனோட கறுப்புக் கண்ணாடியக் கழட்டி, எமைய ரெண்டு வெரலால விரிச்சுப் பிடிச்சு, "நல்லாப் பாத்துக்கோ, இதுல எதம்மா முழிக்கிறது?"ன்னு காமிச்சேன். வரிசையில நின்ன அத்தன சனமும் எட்டிப் பாத்துச்சு. அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. ஆவுடை என் கையத் தட்டி விட்டுட்டு, கண்ணாடியத் தடவி எடுத்து மாட்டிக்கிட்டான்.

நடுவுல இவன் வேற. "அக்கா, வெரலும் பதியாம கண்ணும் இல்லாதவங்களுக்கு விதிவிலக்குன்னு ஒண்ணு இருக்காம். இருதயராஜ் சொன்னான். அதக் கேளு"ங்கிறான். இருதயராஜ் யாருங்கிற? இவன்கூடப் படிச்சவன், அவனுக்கும் பார்வை கெடையாது. ரயில்ல ஊதுபத்தி விக்கிறான். அவன் சொல்றானாம் சட்டம். "செத்த சும்மா இருடா, நான் பேசிட்டிருக்கேன்ல"ன்னு அடக்கி வச்சேன். நாலு பேரு முன்னால இவன் எதையாவது சொல்லி, அவ இன்னும் முறுக்கிக்கிட்டா யாரு அலையிறது?

ஆனா கடைசியில அந்தப் பொம்பள ஒண்ணு சொன்னா. "கொஞ்ச நாளு வேலை செய்யாம இருந்தா ரேகை வந்துரும். எண்ணெ கிண்ணெ போட்டுட்டுக் கூட்டிட்டு வாங்க"ன்னா. அத நான் மனசுல முடிஞ்சுக்கிட்டேன்.

அப்பறம் எங்க ஊரு வி.ஏ.ஓ. உயிரோட இருக்குறதுக்குச் சான்று வேணும்ல. ஆளு முன்னால நிக்கிறான். மூச்சு விடுறான். தும்முறான்கூட. "இவரு உயிரோட இருக்காருன்னு நான் எப்படிம்மா எழுதுறது? ரேசன் கார்டு உங்க ஊருல இருக்கு, குடியிருக்கிறது டவுன்ல. டவுன் வி.ஏ.ஓ.கிட்டப் போங்க"ங்கிறாரு. டவுன்காரருகிட்டப் போனா, "கார்டு எங்க இருக்கோ அங்கதான உயிரு இருக்கணும்"னு சொல்லிட்டு ஒரு சிரிப்பு. பல்லிடுக்குல புகையிலை. ஒருத்தன் உயிர ரெண்டு கிராமத்துக்கு நடுவுல பந்து மாதிரி தட்டுறாங்க.

நான் யோசிச்சேன். கார்டும் ஆளும் ஒரே எடத்துல இருந்துட்டா இந்தச் சிக்கலே இல்லையே. எண்ணெக்கடைக்காரருகிட்டப் போயி ரூமக் காலி பண்ணிக்கிறோம்னு சொல்லிட்டேன். சாமானெல்லாம் ஏத்துறப்பதான் அவனுக்கே தெரியும். முன்னாடியே சொன்னா வேணாம்பான். அதான் சொல்லல. "பதினெட்டு வருசம் இருந்த எடம்க்கா"ன்னான். "இருக்கட்டும்டா, நம்ம வீடு இருக்கையில ஒனக்கென்ன"ன்னு வேன்ல ஏத்துனேன். வேடப்பட்டி வர்ற வரைக்கும் வாயத் தொறக்கல. சந்தோசம்னு நெனச்சேன்.

வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா வயர் சுருளையெல்லாம் மூட்டையாக் கட்டி பரண்மேல ஏத்திட்டேன். ரேகை வளரணும்ல? காலையும் சாயங்காலமும் வெரல் வெரலா நல்லெண்ணெ போட்டு நீவி விட்டேன். ராத்திரி கையில துணி சுத்தி விட்டேன். ஒரு வேலை செய்ய விடல. தண்ணி மோக்கக்கூட விடல, வாளிக்கம்பி உரசிருமே. ராணி மாதிரி சொல்லுவாங்களே, அப்படி வச்சிருந்தேன், ராசா மாதிரி. எங்க வீட்டுக்காரரு ஒரு நாள், "அவனுக்குக் கைக்கு எதாவது குடுடி, சும்மா உக்காந்து வெரல வெரலத் தடவிக்கிட்டு இருக்கான், பாக்க என்னமோ பண்ணுது"ன்னாரு. அவருக்கு என்ன தெரியும். அவரு ஒரு ஆபீஸ் படி ஏறியிருக்காரா?

மூணு மாசம். நடுவுல எங்க ஊரு வி.ஏ.ஓ. சான்ற எழுதிக் குடுத்துட்டாரு. ஆதார் எடுக்குற எடத்துக்குத் திரும்பப் போனோம். ஒரே ஒரு சுண்டுவெரல்ல லேசா ஏதோ கோடு வந்த மாதிரி எனக்குத் தெரிஞ்சுச்சு. மெஷினுக்குத் தெரியல.

அதுக்குள்ள தாலுகா ஆபீஸ்ல இன்னொரு குண்டத் தூக்கிப் போட்டாங்க. ஊனமுற்றோர் அடையாள அட்டை பழைய புத்தகமா இருக்காம், புதுசு வாங்கணுமாம். அதுக்கு டாக்டரு மறுபடியும் பாத்துச் சொல்லணுமாம், கண்ணு தெரியலன்னு. பெரியாஸ்பத்திரியில முகாம். அய்யோ, அந்த வராண்டா. ஃபினாயிலும் மூத்திரமும் சேந்து ஒரு நாத்தம். காலு இல்லாதவங்களையெல்லாம் மாடிக்கு வரச்சொல்லியிருக்கான், லிஃப்டு ரிப்பேரு. ஒரு மனுசன் படியில உக்காந்து உக்காந்து, கையை ஊனி ஏறிட்டிருக்காரு. அந்தப் படியில, அந்தத் துப்பல் மேல. எனக்கு அழுகையா வந்துச்சு. அத எவனும் பாக்கல, எல்லாரும் தாண்டித் தாண்டிப் போறான்.

உள்ள போனா, டாக்டரு தலையத் தூக்காம, "எதுத்தாப்புல போர்டுல இருக்குற எழுத்து எந்தப் பக்கம் பாக்குதுன்னு சொல்லச் சொல்லுங்க"ன்னாரு.

ஆவுடை சிரிச்சிட்டான். "அது எந்தப் பக்கம் பாக்குதுன்னு அதுகிட்டத்தான் கேக்கணும் டாக்டர்"னான்.

அப்பத்தான் டாக்டரு தலையத் தூக்கிப் பாத்தாரு. அவருக்கும் சிரிப்பு வந்திருக்கும்போல. "என்ன வேலை பாக்குறீங்க?"ன்னு இவன்கிட்ட ஏதோ கேக்க வந்தாரு. நான் பதறிப்போயி, "மன்னிச்சிருங்க டாக்டர், அவனுக்கு எடம் பொருள் தெரியாது, வேலையெல்லாம் ஒண்ணும் பாக்கல, நான்தான் வச்சுக் காப்பாத்துறேன்"ன்னு சொல்லி, இவன் தொடையில ஒரு கிள்ளு வச்சேன். வெளிய வந்து நல்லா ஏசுனேன். காரியம் ஆகுற வரைக்கும் பாவமா மூஞ்ச வச்சுக்கணும்னு எத்தன தடவ சொல்லிக் குடுத்திருப்பேன்.

சீட்டு குடுத்தாங்க. நூறு சதவீதம்னு போட்டிருந்துச்சு. சரின்னு சந்தோசப்பட்டு அடுத்த வரியப் படிச்சா, அஞ்சு வருசம் கழிச்சு மறுபரிசோதனைன்னு அடிச்சிருக்கான். அஞ்சு வருசத்துல கண்ணு மொளைச்சிருமாம்மா? நெல்லு நாத்தா அது? "கம்ப்யூட்டரு தானா அப்படித்தான் போடும்"ங்கிறான் அங்க இருந்தவன். அந்தப் பேப்பரத் தொடவே எனக்கு அருவருப்பா இருந்துச்சு.

அதக் கொண்டுபோயி தாலுகா ஆபீஸ்ல குடுத்தோம். அங்க பென்சன் பாக்குற கிளார்க்கு ஒருத்தரு, ஞானவேலுன்னு பேரு. காதுல பேனா. எப்பப் பாத்தாலும் முறுக்குத் தின்னுக்கிட்டு, அந்தத் தூளு எல்லாம் பைலுமேல. எங்கள உக்காரச் சொன்னாரு, அதுவே அதிசயம். ஆவுடை உக்காந்ததும் நாற்காலியோட அடியில கைய விட்டுத் தடவுறான். "அக்கா, இது நான் பின்னுனது. ஓரத்துல ரெட்ட முடிச்சுப் போட்டிருக்கேன் பாரு"ன்னான். அவன் மொகத்துல அப்படி ஒரு தெளிவு. அந்தக் கிளார்க்கும் முறுக்க வச்சிட்டு, "நீங்களா பின்னுனீங்க? பத்து வருசமா இதுலதான் உக்காந்திருக்கோம், ஒரு எழை விடலயே"ன்னாரு. "சார், விதிவிலக்குன்னு..."ன்னு இவன் ஆரம்பிச்சான். வேற பேச்சுப் பேசி நேரம் போயிருச்சுன்னா? சாப்பாட்டு நேரம் நெருங்குது, அவரு எந்திரிச்சிருவாரு. நான் குறுக்க பூந்து, சித்திரையில இருந்து நடந்த எல்லாத்தையும் ஒண்ணுவிடாம சொன்னேன். நான் சொல்லி முடிக்கையில மணி ஒண்ணரை. அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு. "ஆதார் சரியாகாம இங்க ஒண்ணும் பண்ண முடியாதும்மா"ன்னு போற போக்குல சொல்லிட்டுப் போறாரு. அவ்வளவுதான் அவங்க மனுசத்தன்மை.

இனி இவங்கள நம்பிப் பிரயோசனமில்லன்னு, ஒரு திங்கக்கெழம கலெக்டருகிட்டயே போனோம். பொம்பளக் கலெக்டரு, நல்ல மனசுன்னு சொன்னாங்க. முதல் நாளே இவனுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன், "நான் கைய அழுத்துனதும் கால்ல விழு"ன்னு. அவன், "நான் எதுக்குக்கா விழணும்?"ங்கிறான். கேட்டியா பேச்ச? ஊரெல்லாம் விழுகுது, இவனுக்கு மட்டும் எதுக்காம். எங்க முறை வந்துச்சு, கைய அழுத்துறேன், கம்பம் மாதிரி நிக்கிறான். நான்தான் தோளப் புடிச்சு அமுக்கி, முட்டி போட வச்சு, நானும் விழுந்தேன். கண்ணாடி வேற கழண்டு கீழ விழுந்துச்சு.

அந்தம்மா நாற்காலிய விட்டே எந்திரிச்சிட்டாங்க. "எந்திரிங்க, எந்திரிங்க. இப்படியெல்லாம் செய்யக்கூடாது"ன்னு. அப்பறம் அவனப் பாத்து, "சார், நீங்க சொல்லுங்க. என்ன பிரச்சனை?"ன்னாங்க.

சாருன்னு கூப்பிட்டாங்கம்மா. அதச் சொல்லணும்ல.

அவன் தொண்டையச் செருமிக்கிட்டு, "அம்மா, என் பேரு ஆவுடையப்பன். எனக்கு..."ன்னு ஆரம்பிச்சான். இவன் ஆதியில இருந்து ஆற அமரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நேரம் போயிரும். அங்க ஆளுக்கு ரெண்டு நிமிசந்தான். "அம்மா, அவனுக்கு வெளியுலகம் தெரியாதும்மா, நான் சொல்றேன்"னு நான் ஆரம்பிச்சேன். நாலு வயசுல அம்மை போட்டதுல இருந்து சொன்னாத்தான அவங்களுக்குப் புரியும்? அம்மா செத்தது வரைக்கும்தான் வந்திருந்தேன். போலீஸ்காரப் பொண்ணு வந்து கையப் புடிச்சு நகத்திட்டா. மனு மேல ஏதோ எழுதி அனுப்புனாங்க. எங்க வந்துச்சுங்கிற? திரும்ப அதே தாலுகா ஆபீஸு, அதே ஞானவேலு மேசை, அதே முறுக்குத் தூளு. தூ.

அன்னைக்குப் பஸ்ஸுல வர்றப்ப ஆவுடை ஒரு வார்த்தை பேசல. அதுக்கப்பறமும் பேசல. சோறு போட்டா திம்பான். எண்ணெ போடப் போனா கைய உள்ள இழுத்துக்குவான். ரேடியோவக்கூடப் போடமாட்டான். நான் பாட்டுக்கு அந்த ஆபீஸ்காரங்கள வைதுக்கிட்டே இருப்பேன், அவன் பாட்டுக்குச் செவுத்தப் பாத்து உக்காந்திருப்பான். இவங்க அலைக்கழிச்ச அலைக்கழிப்புல மனுசன் ஒடைஞ்சு போயிட்டானேன்னு எனக்கு வயிறு எரியும்.

கார்த்திகை பொறந்து ஒரு செவ்வாக்கெழம. நான் ரேசன் கடைக்குப் போயிட்டு வர்றேன், கட்டிலு காலி. மூலையில அவன் குச்சியக் காணோம். மொதல்ல எங்க போனேன் தெரியுமா? கெணத்துக்கு. எட்டிப் பாக்குறேன், தண்ணி அசையாம கெடக்கு. அந்தத் தண்ணியப் பாத்து நான் போட்ட சத்தத்துல தெருவே வந்துருச்சு. டீக்கடையில இருந்தவர்தான் சொன்னாரு, "பத்து இருவது பஸ்ஸுல ஏறிப் போனாரேம்மா, டவுனுக்கு டிக்கெட் எடுத்தாரே"ன்னு.

அடுத்த பஸ்ஸப் புடிச்சு ஓடுனேன். ஆதார் எடுக்குற எடத்துல, அந்தத் தொடைக்கிறவ இருக்காளே, அவகிட்டக் கேட்டேன். "வந்துட்டு வேலைய முடிச்சிட்டுப் போயிட்டாரும்மா"ன்னா. என்னத்த முடிச்சான்? தாலுகா ஆபீஸுக்கு ஓடுனேன். உள்ள பாத்தா, அந்த நாற்காலியில இவன் கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கான். எதுத்தாப்புல ஞானவேலு. ரெண்டு பேரு கையிலயும் டீ. என்னமோ சம்பந்தி வீட்டுக்கு வந்தவன் மாதிரி பேசிட்டிருக்கான்.

"என்னடா இது, எங்கிட்டச் சொல்லாம..."ன்னு நான் மூச்சு வாங்குறேன்.

கிளார்க்குதான் சொன்னாரு. "உக்காருங்கம்மா. எல்லாம் ஆயிருச்சு. விதிவிலக்குல போடுங்கன்னு அவரே ஆதார்ல கேட்டிருக்காரு. அங்க போட்டுக் குடுத்துட்டாங்க. அதுக்குண்டான சர்க்குலரு எங்ககிட்டயும் இருக்கான்னு இங்க வந்து கேட்டாரு. பீரோவுல தேடுனேன், இருக்கு. இனிமே இவருக்கு வெரலும் வேணாம், கண்ணும் வேணாம்."

இருந்துச்சாம்! எட்டு மாசமா பீரோவுக்குள்ள இருந்துச்சாம்! "ஏன்யா, இத மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?"ன்னு கேட்டேன். அந்தாளு கொஞ்சங்கூடக் கூச்சமில்லாம, "யாரும் கேக்கலயேம்மா. கேட்டாத்தான தேட முடியும்"ங்கிறான். மரியாதைய விட்டுட்டேன் மன்னிச்சுக்கோ, அவனுக்கெல்லாம் என்ன மரியாத. அப்பறம் மெதுவா ஒண்ணு சொன்னான் பாரு, "இவரு அன்னைக்கே ஏதோ சொல்ல வந்தாரு. நீங்கதான் விடல"ன்னு. எப்படி? சர்க்குலர வச்சுக்கிட்டுத் தூங்குனது அந்தாளு, பழி எம்மேல. இவனுங்க பொழப்பே இதுதான்.

புது விண்ணப்பம் ஒண்ணு மேசையில இருந்துச்சு. கிளார்க்கு எழுதியிருக்கான், ஆவுடை பெருவெரல அமுக்கியிருக்கான். ரேகை இல்லாத வெறும் நீலப் பொட்டு. எடுத்துப் படிச்சேன். உதவியாளர் அல்லது பாதுகாவலர் பெயர்னு ஒரு கட்டம். அதுல, இல்லைன்னு எழுதியிருந்துச்சு.

"இத யாரு எழுதச் சொன்னது?"ன்னேன்.

"நான்தான்க்கா"ன்னான் ஆவுடை. மூணு வாரத்துல அவன் என்னைப் பாத்துப் பேசுன மொத வார்த்தை அது.

மார்கழியில பென்சன் வந்துருச்சு. நின்ன மாசத்துக்கும் சேத்து வந்துருச்சு. மறுநாளே பரண்மேல இருந்த வயர் மூட்டைய எங்க வீட்டுக்காரர எறக்கித் தரச்சொல்லி எடுத்துட்டுப் போயிட்டான். அவரும் எறக்கிக் குடுத்திருக்காரு, ஆட்டோ புடிச்சு விட்டிருக்காரு, எங்கிட்ட மூச்சு விடல. எண்ணெக்கடை ரூம்தான் போயிருச்சே, அங்க வேற ஆளு வந்தாச்சு. சைக்கிள் கடைக்கு மேல மாடியில, அந்த ஊதுபத்தி இருதயராஜோட இருக்கான். கைப்பிடி இல்லாத படி. நெனச்சாலே எனக்குப் பகீர்ங்குது.

நான் விடுவேனா? எட்டு மாசம் எங்கள நாயா அலையவிட்டவங்கள சும்மா விடலாமா? ஆதார் பொம்பள, ரெண்டு வி.ஏ.ஓ., ஆஸ்பத்திரி, ஞானவேலு, எல்லாரு மேலயும் ஒரு மனு எழுதுனேன். நாலு பக்கம். போன வெள்ளிக்கெழம அவன் ரூமுக்குக் கொண்டுபோனேன், பாதிக்கப்பட்டவன் அவன்தான, கையெழுத்து வேணும்ல.

தரையில உக்காந்து பின்னிக்கிட்டு இருந்தான். பச்சையும் வெள்ளையுமா. வெரலு ஓடுது, அப்படி ஓடுது. நான் மனுவ முழுசும் வாசிச்சுக் காமிச்சேன். வயர இழுத்துக்கிட்டே கேட்டுட்டிருந்தான். முடிச்சதும், "இதுல ஒரு பேரு விட்டுப்போச்சுக்கா"ன்னான்.

"யாருடா? சொல்லு, சேத்துக்கிறேன்"னு பேனாவ எடுத்தேன்.

கைய நிறுத்துனான். "எட்டு மாசமா என்னையக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனியே. ஒரு நாளாவது வீட்டுல இருந்து கெளம்புறப்ப, இன்னைக்கு எங்க போறோம்னு எங்கிட்டச் சொன்னியா? பஸ்ஸு நின்னு, நாத்தத்த வச்சுத்தான் எந்த ஆபீஸ்னு நானாத் தெரிஞ்சுக்குவேன்."

"கண்ணு தெரியாதவன்கிட்ட எங்க போறோம்னு சொல்லி என்னடா ஆகப்போகுது, நான்தான கூட வர்றேன்"னேன். நீயே சொல்லு தாயி, தப்பா? அவன் மறுபடி பின்ன ஆரம்பிச்சுட்டான். நான் கொண்டுபோன கொழம்ப அடுப்பாங்கரையில வச்சிட்டு, செத்த நேரம் நின்னு பாத்தேன். எறங்கி வந்துட்டேன். கையெழுத்துப் போடல.

சரி, நானே குடுத்துக்கிறேன்னு இன்னைக்குக் கெளம்பி வந்தேன். காலையில ஒம்பது மணிக்கு வரிசையில நின்னவ. மனு பதியிற எடத்துல ஒரு ஆளு, கண்ணாடி போட்ட வயசான ஆளு. நாலு பக்கத்தையும் பொரட்டிப் பாத்தாரு. "பாதிக்கப்பட்டவரு ஆவுடையப்பன்னு போட்டிருக்கு. வந்திருக்காரா?"

"இல்ல."

"அவரு கையெழுத்து?"

"இல்ல."

"பென்சன் வருதா?"

"வருது."

பேனாவக் கீழ வச்சிட்டு என்னைய நிமுந்து பாத்தாரு. "அப்ப உங்க பேருல பதியிறேன். உங்களுக்கு என்னம்மா கொறை? அதச் சொல்லுங்க."

எனக்கு என்ன கொறைன்னு கேட்டாரு. இந்த எட்டு மாசத்துல, எட்டு மாசம் என்ன, அவன் கையப் புடிச்சதுல இருந்து, எனக்கு என்ன கொறைன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. நான் எந்த மேசையிலயும் வாய் அடைச்சு நின்னவ இல்ல. அங்க நின்னேன்.

என்னத்தச் சொல்ல? எந்தம்பி எங்கூடப் பேசமாட்டேங்கிறான்னா? அதுக்கு எந்த செக்ஷன்?

பின்னால நின்னவங்க தள்ள ஆரம்பிச்சாங்க. "சொல்லுங்கம்மா"ன்னு அவரு திரும்பக் கேட்டாரு, பொறுமையாத்தான் கேட்டாரு. நான் மனுவ வாங்கிக்கிட்டு ஒதுங்கிட்டேன்.

இதோ, சைக்கிள் கடை ஸ்டாப்பு வந்துருச்சு. எறங்கல கண்டக்டர், எறங்கல. நான் வேடப்பட்டி. அந்தா, மாடியில பச்சைக் கலர் தெரியுதா பாரும்மா, காத்துக்கு வெளிய உக்காந்து பின்னிட்டிருப்பான் இந்நேரம். எனக்கு இந்தக் கண்ணாடியோட தூரத்துல சரியாத் தெரியல. ஆளு இருக்கானா?